அக்கா வீட்டுக்கு நான் வைத்த சைரன்

1

முதலிலேயே என் மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்துச் சிரித்தால் எனக்குக் கூச்சமாக இருக்கும். பக்கத்து வீட்டுக் கோவிந்தண்ணன் என் கேமராவுக்குப் பயந்துதான் அடங்கிப்போனார் என்று நம்பினேன். ஜெர்மனியில் உட்கார்ந்துகொண்டு, கட்டைவிரல் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, ஜவ்வாது மலையில் இருக்கும் ஒரு வீட்டைக் காவல் காத்துவிடலாம் என்று நம்பினேன்.

நம்பியதோடு விட்டேனா? ஸ்டுட்கார்ட் பக்கத்தில் எங்கள் சிற்றூர்த் தமிழர்கள் கூடும் பொங்கல் விழாவில் மைக்கைப் பிடித்து, “ஊர்ல இருக்கற வீட்டை இங்கிருந்தே பாதுகாப்பது எப்படி?” என்று பேசினேன். கைதட்டினார்கள். நாலு பேர் அதே கேமராவை வாங்கி அவரவர் ஊரில் மாட்டினார்கள். அந்த வீடுகளில் எல்லாம் என்ன நடந்தது என்று நான் இன்றுவரை விசாரிக்கவில்லை. தைரியம் இல்லை.

இன்று காலை பேருந்துக்கு நிற்கும்போது போன் ‘டிங்’ என்றது. ‘வாழ்த்துகள்! உங்கள் காவல் சேவைக்கு இரண்டு வருடம் நிறைவு. புதுப்பிக்கிறீர்களா?’ என்று கேட்டு, திரை முழுக்கக் காகிதப் பூவாய்க் கொட்டியது. குளிரில் கையுறையைக் கழற்றி ‘வேண்டாம்’ என்று அழுத்தினேன். ‘ஏன் வேண்டாம்?’ என்று அடுத்த கேள்வி வந்தது. கீழே நாலு காரணங்கள் கொடுத்திருந்தார்கள். என் காரணம் அதில் இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

2

எங்கள் வீடு மலையில், ஜமுனாமரத்தூரிலிருந்து உள்ளே போகும் ஒரு சின்ன ஊரில் இருக்கிறது. அப்பா கட்டிய ஓட்டு வீடு, பக்கவாட்டில் சாமை விதைக்கும் கொல்லை, ஓரமாகப் பலாமரம். அதில் சாலம்மா அக்கா தனியாக இருந்தாள். மாமா செத்த பிறகு புகுந்த வீட்டில் அவளுக்குச் சோறு இருந்தது, மரியாதை இல்லை. ஒரு மூட்டைத் துணியோடு அப்பா வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டாள். அவள் மகன் முருகேசன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். ஒற்றை அறை, பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகள். “ஒரு பிரச்சனைன்னு வந்துச்சுன்னா அம்மாவ இங்க கூட்டியாந்துடுவேன் மாமா. தனியா வுட்டு வச்சா ஊர்ல என்னைத்தான் கேப்பாங்க” என்று போன் செய்யும்போதெல்லாம் சொல்வான்.

அக்கா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். “சேகரு, நீ எனக்கு ஒண்ணும் செய்ய வாணாம். இந்த வூட்டவுட்டு மட்டும் என்னை எறக்கிடாத. திருப்பூர்ல அவன் வூட்ல நான் கால நீட்டணும்னா அவன் பசங்க எழுந்து நிக்கணும்டா.”

சரி என்றேன். வீட்டைக் காப்பாற்ற வேண்டும், அதில் அக்கா இருக்க வேண்டும். அவ்வளவுதான் என் கடமை.

இடைஞ்சலாக இருந்தவர் கோவிந்தண்ணன். எங்களுக்குப் பங்காளி. அவர் தாத்தாவும் எங்கள் தாத்தாவும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். முறைக்கு எனக்கும் அக்காவுக்கும் அண்ணன். பெண்டாட்டி போய்ச் சேர்ந்து பல வருடம்; பெண்ணை அமிர்திப் பக்கம் கட்டிக்கொடுத்துவிட்டார். மிச்சம் இருந்தது ஒரு வீடு, சில ஆடுகள், ஒரு வாய். அந்த வாய்க்குத்தான் எல்லை கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அக்காவின் போன் வரும்.

“இன்னாடா சேகரு, சாப்ட்டியா? அந்தக் கோவிந்தன் ஆடு மறுபடியும் சாமைக் கொல்லையில பூந்துட்ச்சிடா. கேட்டா, ‘ஆட்டுக்குப் படிக்கத் தெரியாது, உன் பட்டாவ நீயே அதுக்குப் படிச்சுக் காட்டு’ன்றான்.”

அடுத்த வாரம் பலா. “மரம் நம்ம பக்கமாம், நெழலு அவன் பக்கமாம். நெழலுக்கு ரெண்டு காய் குடுன்றான்டா, கட்டையில போறவன்.”

அதற்கடுத்த வாரம் வேலி ஒரு முழம் நகர்ந்திருந்தது. பிறகு, அவர் வீட்டுக் குப்பை எங்கள் கொல்லைக்குக் குடிவந்தது. மாரியம்மன் திருவிழாவுக்குக் கட்டிய குழாய் ரேடியோ எங்கள் ஜன்னலைப் பார்த்தே பாடியது.

எங்கள் மலையில் குழந்தைக்குப் பல் முளைக்கும் முன்பே ஒரு பாடம் சொல்லிவிடுவார்கள்: பங்காளி வேலியைத் தொட்டால் நிலத்துக்குத்தான் தொடுகிறான். அவன் சிரித்தால் நிலத்துக்கு. அழுதால் நிலத்துக்கு. உன் வீட்டுச் சாவுக்கு வந்து மாரில் அடித்துக்கொண்டால் அதுவும் நிலத்துக்கு. நானும் அந்தப் பாடத்தை மனப்பாடம் செய்தவன்தான். அந்தப் பாடத்தில் ஆம்பளை, பொம்பளை என்று ஒரு வார்த்தைகூடக் கிடையாது.

போளூரிலிருந்து கடைக்காரர் ஒருவரைப் பிடித்து, வாசல் தூணில் கேமரா மாட்டச் சொன்னேன். அதில் பார்க்கலாம், பேசலாம். சிவப்புப் பொத்தானை அமுக்கினால் சைரன் அலறும். “சத்தம் எவ்ளோ தூரம் கேக்கும்?” என்று கேட்டேன். “சார், பக்கத்து மலைக்காரன் வந்து கதவு தட்டுவான் சார்” என்றார். அதையே வாங்கினேன்.

3

என் வீரத்தைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். அப்போதுதான் அந்தக் கட்டைவிரல் யாருடையது என்று உங்களுக்குப் புரியும்.

ஜெர்மனியில் எங்கள் தெருவில் ஒரு தடவை திருட்டு நடந்தது. மறுநாளே மிளகுத் தெளிப்பான் ஒன்று வாங்கினேன். ‘நாய், பன்றி முதலிய மிருகங்களுக்கு மட்டும்’ என்று அதில் எழுதியிருந்தது. சரியாக வேலை செய்கிறதா என்று பால்கனியில் நின்று லேசாக அடித்துப் பார்த்தேன். காற்று என் பக்கம் வீசியது. அரை நாள் குளியலறையில் கண்ணைக் கழுவிக்கொண்டு கிடந்தேன். மிருகத்துக்கு மட்டும் என்று போட்டிருந்தது சரிதான் என்றாள் என் மனைவி.

அடுத்து வாசலில் ஒரு கேமரா மாட்டினேன். எதிர்வீட்டில் ஃப்ரௌ கெல்லர் என்று ஒரு கிழவி. ஞாயிற்றுக்கிழமை நான் தாளித்தால் ஜன்னலைச் சாத்துவாள். கடுகு வெடிப்பதைக் காதால் கேட்டே எண்ணிவிடுவாள். கேமராவைப் பார்த்ததும் போலீஸையே கூப்பிட்டுவிட்டாள். வந்த அதிகாரியிடம், தெருவில் திருட்டு நடக்கிறது, எனக்கு ஆபத்து இருக்கிறது என்று ஜெர்மனில் சொல்ல நினைத்து, “நான் ஆபத்தானவன்” என்று சொல்லிவிட்டேன். அவர் என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தார். “அப்படித் தெரியவில்லையே” என்றார்.

கேமராவின் கண்ணில் அடுத்தவர் வாசல் விழக்கூடாதாம். பாதிக்கண்ணைக் கறுப்பு டேப்பால் மூடிவிட்டுத்தான் போனார்.

என் மகள் கயல் சட்டம் படிக்கிறாள். நான் தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்வாள். எனக்குப் புத்தி சொல்வதற்கு மட்டும் தமிழுக்கு வருவாள். என்மேல் அவ்வளவு அன்பு. அன்று தமிழுக்கு வந்தாள்.

“அப்பா, ஒருத்தன் அடிக்க வந்தாத்தான் நீ திருப்பி அடிக்கலாம். வருவான்னு நெனச்சு அடிச்சா, நீதான் குற்றவாளி.”

“அவன் அடிக்கறவரைக்கும் நான் நின்னு வேடிக்கை பாக்கணுமா?”

“நீ எங்க நின்ன? பாத்ரூம்ல தானே இருந்த.”

பிறகு கேட்டாள்: “அத்தைகிட்ட கேட்டியா, அவங்க வீட்ல கேமரா வெக்கலாமான்னு?”

“அவங்களுக்காகத்தானம்மா வெச்சிருக்கேன்.”

“கேட்டியான்னு கேட்டேன்.”

டீ ஆறுகிறது என்று எழுந்து போய்விட்டேன்.

4

கேமரா மாட்டிய புதிதில் எனக்குத் திருவிழாதான். ஆடு கொல்லைக்குள் நுழைந்தால், வேலைக்கு நடுவே கழிப்பறைக்கு ஓடி, போனில் “ஏய்! ச்சூ! போ!” என்று கத்துவேன். தூணிலிருந்து சத்தம் வரும். ஆடுகள் நிமிர்ந்து வானத்தைப் பார்க்கும். ஒரு தரம் கோவிந்தண்ணனே வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கையைக் கூப்பினார். “ஆண்டவரே, ஜெர்மன்ல மழையா? இங்கயும் கொஞ்சம் அனுப்புறது” என்றார். இன்னொரு தரம் கேமராவுக்கு முதுகைக் காட்டி நின்று வேட்டியைத் தூக்கினார். அது இன்னமும் என் போனில் இருக்கிறது. அழிக்க மனம் வரவில்லை. எங்கள் பரம்பரையின் மிகத் தெளிவான படம் அதுதான்.

ஐந்தாறு வாரத்தில் ஞாயிற்றுக்கிழமைப் புகார் நின்றது. “கோவிந்தன் எப்படியிருக்கான்?” என்று நானே கேட்டால், “அவரா? அவரு பாட்டுக்கு கீறாரு” என்றாள். ‘அவன்’ ‘அவரு’ ஆகியிருந்தது. கேமரா வைத்தால் மரியாதைகூட வளர்கிறது பார் என்று மனைவியிடம் பீற்றிக்கொண்டேன். பொங்கல் விழாவில் பேசியது அந்தத் தெம்பில்தான்.

எல்லாம் என் கண் முன்னாலேயே நடந்தது. அக்கா ஒருநாள் கேட்டாள்: “இதுல பின்கட்டு தெரியாதில்லடா?” தெரியாது, அங்கேயும் ஒன்று மாட்டிவிடட்டுமா என்றேன். “வாணாம் வாணாம், அங்க இன்னா கீது, அடுப்புச் சாம்பலு” என்று பதறினாள். வீண் செலவு என்று பதறுகிறாள் என எடுத்துக்கொண்டேன்.

வாரத்தில் இரண்டு மூன்று மத்தியானம் கேமராவின் மேல் ஈரப் புடவை தொங்கும். “கொடி அறுந்துட்ச்சிடா” என்றாள். புதுக் கயிறு வாங்கச் சொன்னேன். புதுக் கயிறு வந்த பிறகும் புடவை தூணில்தான் காய்ந்தது.

அக்காவின் நாய் தபால்காரர், பால்காரர், சாமி ஊர்வலம் என்று யாரையும் விடாமல் குரைக்கும். கோவிந்தண்ணன் வேலி தாண்டினால் மட்டும் வாலை ஆட்டியது.  எலும்பு போட்டு நாயை வளைத்துவிட்டான், அடுத்தது நிலம்தான் என்று நினைத்தேன்.

ஒருமுறை கயல் எட்டிப் பார்த்தாள். திரையில் கோவிந்தண்ணன் வேலியைத் தாண்டிக்கொண்டிருந்தார்.

“அப்பா, இவர் தலை வாரியிருக்கார்.”

“அதுக்கு?”

“திருட வர்றவங்க தலை வாருவாங்களா?”

“வாயை மூடு. அவர் உனக்குப் பெரியப்பா முறை.”

அவள் தோளைக் குலுக்கிவிட்டு ஜெர்மனில் ஏதோ சொன்னாள். இது என்ன வார்த்தை என்று மனைவியிடம் கேட்டேன். “பாவம்னு சொல்றா” என்றாள். யாரை என்று நான் கேட்கவில்லை.

5

போன மார்கழி. ஊரே களத்தில் சாமை அடித்துக்கொண்டிருந்த நேரம். எனக்கு வேலை செய்யும் கிடங்கில் காலை டீ இடைவேளை. அங்கே மத்தியானம் மூன்று மணி. பழக்கதோஷத்தில் போனைத் திறந்தேன். அன்று புடவை தொங்கவில்லை. கொடியில் போட்டிருந்தாள், மறந்திருக்க வேண்டும்.

கோவிந்தண்ணன் வேலியைத் தாண்டினார். இடுப்பில் கொடுவாள். அக்கம்பக்கம் பார்த்தார். பின்கட்டுப் பக்கம் போனார்.

அக்காவுக்கு அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது.

அப்போது என் புத்தி எங்கே போனது என்று கேட்பீர்கள். எங்கேயும் போகவில்லை, சரியாகப் பாடம் ஒப்பித்துக்கொண்டிருந்தது: பங்காளி, கொடுவாள், தனியாக இருக்கும் பொம்பளை, நிலம். அக்கா கழுத்தில் வாளை வைத்துப் பத்திரத்தில் ரேகை வாங்குவதுவரை என் மனசுக்குள் படம் ஓடிவிட்டது. அந்தப் படத்தில் நான் அழுதுகூட விட்டேன். அவர் வேலி தாண்டிய அந்தச் சில நொடி வீடியோவை ‘குடும்பம்’ என்ற வாட்ஸாப் குழுவுக்கு அனுப்பினேன். ‘கோவிந்தன் கத்தியோடு அக்கா வீட்டுக்குள் புகுந்துவிட்டான்!!!’ என்று மூன்று ஆச்சரியக்குறி போட்டேன். பிறகு சிவப்புப் பொத்தானை அமுக்கினேன்.

போளூர்க்காரர் பொய் சொல்லவில்லை. பலாமரத்துக் காக்கை எல்லாம் ஒரே நேரத்தில் எழும்பியது. நான் டீ மேசைமேல் ஏறி நின்றுகொண்டு, ஏன் ஏறினேன் என்று தெரியாது, போனில் கத்தினேன்:

“ஓடியாங்க! எங்கக்காவைக் காப்பாத்துங்க! பின்கட்டுல கீறான்! விடாதீங்க, புடிச்சுக் கட்டுங்க!”

கூட வேலை செய்பவர்கள் சாண்ட்விச்சைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்து மலையில் சிக்னல் போனது. படம் உறைந்தது. சாமை அடிக்கிற தடிகளோடு ஒரு கூட்டம் வாசலில் கால் தூக்கியபடி நின்றுவிட்டது. அந்தக் கால்கள் தரைக்கு வருவதற்குள் எனக்கு உயிர் போய்ப் போய் வந்தது.

படம் திரும்ப வந்தபோது முற்றம் நிறைய ஆட்கள். நடுவில் கோவிந்தண்ணன், சட்டை இல்லாமல், மண்ணில் உட்கார வைக்கப்பட்டிருந்தார். உதட்டில் ரத்தம். கொடுவாள் யாரோ ஒருவர் கையில் இருந்தது. வாசற்படியில் அக்கா. தலை அவிழ்ந்து, முந்தானையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். உயிரோடு இருந்தாள். எனக்கு நெஞ்சு நிறைந்தது. ‘காப்பாற்றிவிட்டேன்’ என்று மேசைமேலிருந்தே மற்றவர்களுக்குக் கட்டைவிரலைக் காட்டினேன். அவர்களும் காட்டினார்கள்.

தூணின் ஒலிவாங்கி நல்ல ஒலிவாங்கி. ஒன்று விடாமல் கேட்டது.

“கத்தி எதுக்குய்யா எடுத்தாந்த?”

“வெறகு பொளக்க.”

“சட்டையக் கழட்டி வெச்சுட்டா வெறகு பொளக்கற?”

சிரிப்பு. ஒரு கிழவி முறத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். “இன்னாடி சாலம்மா, அடுப்பு நல்லா எரியுதா?”

பின்னாலிருந்து ஒரு பொம்பளைக் குரல்: “அண்ணன் தங்கச்சிக்கு வெறகு பொளக்காம வேற யாருக்குப் பொளப்பான்? உங்களுக்கெல்லாம் ஏன் எரியுது?” இதற்கு இன்னும் பெரிய சிரிப்பு.

எனக்கு அப்போதும் பிடிபடவில்லை. “கட்டுங்க அவனை! போலீஸுக்குச் சொல்லுங்க!” என்று கத்தினேன். கூட்டம் தூணைத் திரும்பிப் பார்த்தது. ஊர்ப் பெரியவர் ஒருவர் கேமராவுக்குப் பக்கத்தில் வந்தார். அவர் மூக்கு திரை முழுக்க வந்தது.

“சேகரு, நீ கம்முனு இருப்பா. திருடன் ஒண்ணும் வரல. உங்கக்காவே கதவத் தொறந்து வுட்டுக்கீது. ரொம்ப நாளா நடக்குதாம்.”

என்ன பதில் சொன்னேன் என்று நினைக்கிறீர்கள்? மேசைமேல் நின்றபடி, இருபது வருடம் வெளிநாட்டில் வாழ்ந்த அறிவோடு கேட்டேன்: “பட்டாவெல்லாம் பத்திரமா இருக்குதா?”

 அதற்கு முற்றத்தில் எழுந்த சிரிப்பு, அம்மா சத்தியமாக, சைரனைவிடப் பெரிது. கோவிந்தண்ணன்கூட ரத்த உதட்டோடு சிரித்தார். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. படி இறங்கி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு தூணருகே வந்தாள். கேமராவை நேராகப் பார்த்தாள். அவ்வளவு கிட்டத்தில் அக்காவின் முகத்தை நான் பார்த்துப் பல வருடமாகிறது.

“நல்லா இருடா சேகரு. போனை வை.”

கொடியிலிருந்த புடவையை உருவிக் கேமராமேல் போட்டாள். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. நான் போனை வைக்கவில்லை.

6

வெளிநாட்டுக்காரன் யோசனை ஒன்று எனக்கும் வந்தது. எங்கள் மலையில் புருஷன் செத்தவள் மறுபடி கட்டிக்கொள்வது ஒன்றும் புதிதில்லை. ஊர் சொன்னால் தாலி ஏறும், சோறு போட்டால் தீர்ந்தது. பெரியவருக்குப் போன் செய்து, கட்டிவைத்துவிடுங்கள் என்றேன்.

“வேற வகையறாவா இருந்தா நானே முன்ன நின்னு கட்டி வெச்சிருப்பேன்பா” என்றார். “பங்காளி. ஒரே ரத்தம். அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் தாலி கட்டச் சொல்றியா? தெரியாத வரைக்கும் தெரியாதுன்னு இருந்தோம். கெழவிங்க பாதிப்பேருக்குத் தெரியும். யாரும் வாயத் தொறக்கல. நீதான் சங்கு ஊதிக் கூப்ட்ட. வந்து பாத்துட்டு, பாக்கலன்னு எப்படிச் சொல்றது?”

கயலிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். “நீ ஃப்ரௌ கெல்லர் வாசலைப் பாக்கக்கூடாதுன்னு டேப் ஒட்டினாங்க இல்லப்பா?” என்று மட்டும் கேட்டாள். அதன் பிறகு என்னிடம் தமிழுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டாள்.

ஊர்ப் பையன்கள் என் குரலை வெட்டி ரிங்டோனாக வைத்திருக்கிறார்கள். மலைக்குப் போகிற பஸ்ஸில் திடீரென்று, “எங்கக்காவைக் காப்பாத்துங்க!” என்று ஒரு பையில் அலறுகிறதாம். டிரைவர்கூடத் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறாராம். பொழுது போகாதபோது நானே அதைச் சொல்லி இங்கே நண்பர்களைச் சிரிக்க வைக்கிறேன். நன்றாகவே சிரிக்கிறார்கள். நான் நடித்தும் காட்டுவேன்.

நடந்தது இவ்வளவுதான். அன்று சாயந்திரமே கோயில் முன்னால் ஊர் கூடியது. கோவிந்தண்ணன் ஊர்க்காலில் விழுந்தார். ஊருக்கு ஒரு வேளைச் சோறு போடுவதாக ஒத்துக்கொண்டார். எழுந்திரு என்றார்கள், எழுந்து வீட்டுக்குப் போனார். அக்காவை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. வாட்ஸாப்பைப் பார்த்துவிட்டுப் புறப்பட்ட முருகேசன் மறுநாள் காலை பஸ்ஸில் வந்து இறங்கினான். சாமையை அடித்து மூட்டை கட்டும்வரையாவது இருக்கிறேன் என்று அக்கா கேட்டாளாம். முடியாது என்றுவிட்டான். அதே பஸ் திரும்பும்போது அவளை ஏற்றிக்கொண்டு போனான். இப்போது திருப்பூரில் அந்த ஒற்றை அறையில், காஸ் அடுப்புக்கும் பீரோவுக்கும் நடுவில் படுக்கிறாள். நான் கூப்பிட்டால் எடுப்பதில்லை. கோவிந்தண்ணன் அதே வீட்டில்தான் இருக்கிறார்.